தவராசாவுக்கு மூன்று நிமிடம்

பிரெஞ்சு-செனகல் எழுத்தாளரும் திரைப்பட இயக்குநருமான கும்பா த்ராமேயை அறிமுகப்படுத்த தவராசாவுக்குக் கிடைத்தது மூன்று நிமிடம். மீறினால் ஆயுளுக்கும் மைக் கிடையாது என்று திரைப்படச் சங்கத் தலைவர் பழனிவேல் தீர்மானமே போட்டிருந்தார். மைக் இல்லாத தவராசா பெற்றோல் இல்லாத கார் என்பது நியூசிலாந்தின் மவுண்ட் ரோஸ்கில் புறநகர் முழுக்கத் தெரிந்த விஷயம்.

நல்ல பிள்ளையாகத்தான் தொடங்கினார். கும்பாவின் பாரிஸ் புறநகர். ரயில் பெட்டி கழுவிய தகப்பன். ஆனால் தகப்பன் என்றால் அவருக்கும் ஒரு தகப்பன் இருப்பாரே? செனகலில், டக்கார் மீனவர். அவருடைய படகு. படகின் நிறம்.

தமிழ் தெரியாத கும்பாவின் காதுக்குள் தவராசாவின் மகள் சிவானி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“இப்போது எங்கே நிற்கிறார்?”

“நீங்கள் இன்னும் பிறக்கவில்லை.”

முன்வரிசையிலிருந்து மனைவி நிசாந்தினி துண்டுச்சீட்டு அனுப்பினாள்: ‘முடியுங்கோ.’ தவராசா அதைப் பாராட்டாக எண்ணிச் சட்டைப் பையில் வைத்தார். கும்பா பிறந்தார். நாவல் எழுதினார். அதைப் படமாக்க எவரும் வராததால் தானே கமெராவைத் தூக்கினார். நடிக்க வந்த மாமிமார், எழுதித் தந்த வசனத்தைப் பேசமாட்டோம் என்று மல்லுக்கு நின்றார்கள். அவர்கள் இஷ்டத்துக்குப் பேசியதுதான் பரிசு வாங்கியது. ஒவ்வொரு மாமியின் பெயரையும் தவராசா தேவாரம் மாதிரி இழுத்துச் சொன்னார்.

பழனிவேல் மேடையேறிவிட்டார். “போதும் சார், படம் போடணும். மைக்கைக் குடுங்க.”

“கடைசியா ஒண்டே ஒண்டு...” தவராசா மைக்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தார்.

அதற்குள் கும்பா வந்து, கைப்பையிலிருந்து பண நோட்டு ஒன்றை எடுத்துத் தவராசாவின் நெற்றியில் ஒட்டினார். நியூசிலாந்து நோட்டு பிளாஸ்டிக்தான். மனிதர் வேர்த்திருந்த வேர்வைக்கு அதுவும் ஒட்டியது. மண்டபம் வாயைப் பிளந்தது.

“என் அப்பாவின் ஊர் விழாக்களில், பரம்பரையைப் பெயர் சொல்லிப் புகழ ஒருவர் வருவார்,” என்றார் கும்பா. சிவானி தமிழாக்கினாள். “அவரை யாரும் இடையில் நிறுத்துவதில்லை. வெறுங்கையோடு அனுப்புவதுமில்லை; இப்படி நெற்றியில் பணம் ஒட்டுவோம். பாரிஸில் எனக்கு யாரும் இப்படிச் செய்ததில்லை. தாத்தாவின் படகை நானே மறந்திருந்தேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நாளைக்கு வெலிங்டனில் படம் போடும்போதும் என்னை அறிமுகப்படுத்த இவரே வரட்டும்.”

“தீர்மானம் தீர்மானம்தான்,” என்றார் பழனிவேல். “ஆனா வெலிங்டன் நம்ம எல்லையில இல்ல. தாராளமா கூட்டிட்டுப் போங்க மேடம். திருப்பித் தரணும்னுகூட இல்ல.”

நெற்றியில் நோட்டோடு தவராசா மனைவியைப் பார்த்தார்.

“ஓம், போங்கோ,” என்றாள் நிசாந்தினி. “பிளேனுக்குள்ள மட்டும் மைக் கேக்காதேங்கோ.”