நான்காம் வரியில் ஒரு கோடு

சென்ற ஆண்டு ஜூன் மாதம் பன்னிரண்டாம் நாள், புதன்கிழமை. அன்று காலை எங்கள் வீட்டுக் கணினி ஒரு முறை முனகிவிட்டு அணைந்தது, பிறகு எழவேயில்லை. என் முறையீடு அதைப் பற்றியதன்று. எட்டாண்டு உழைத்த பொறி ஓய்வு பெறுவதைக் குறை சொல்ல, தானே ஓய்வு பெற்றவனுக்கு உரிமையில்லை. கணினி வாங்குவோருக்கு அறிவுரை எழுதுகிறார்களே, அவர்கள்மீதுதான் என் முறையீடு. அனைவரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: ‘முதலில் உங்கள் குடும்பத்தின் தேவைகளைப் பட்டியலிடுங்கள்.’ பட்டியலிடுகிறவன் எப்படிப்பட்டவன் என்று அவர்களுள் ஒருவரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் பட்டியலிட்டவன் நான்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் மொழியாசிரியனாக இருந்தவன் கையில் தாளும் அடிக்கோலும் கிடைத்தால் உலகத்தையே கட்டம் கட்டிவிடுவான். அன்று மாலை சாப்பாட்டு மேசையில் தாளை விரித்தேன். பெயர், பயன்பாடு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், இன்றியமையாத உறுப்பு என்று பத்திகள் பிரித்தேன். வீட்டில் நாங்கள் நால்வர். ஆகவே நான்கு வரிகள்.

“அப்பா, கம்ப்யூட்டர் வாங்கப் போறீங்களா, இல்ல அதுக்கு நுழைவுத் தேர்வு வைக்கப் போறீங்களா?” என்றான் மகன். அவன் நில அளவையாளன். அவனுடைய வரைபடங்களைத் திறந்தால் பழைய கணினிக்கு மூச்சு வாங்கும். “எனக்கு வேகம்தான் வேணும். ஒரு படம் திறக்கறதுக்குள்ள தலை நரைச்சுடுது.”

மருமகள் செவிலியர்; பதவி உயர்வுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். “கையோட எடுத்துட்டுப் போற மாதிரி இருந்தா நல்லது மாமா. டூட்டிக்கு நடுவுல நாலு பக்கம் படிச்சுக்குவேன்.”

இரண்டையும் செந்தமிழாக்கி எழுதிக்கொண்டேன். மூன்றாம் வரி என்னுடையது: நாளிதழ்களில் மலியும் பிழைகளைக் குறித்து ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதுதல், வாரத்துக்கு ஏழு மணி நேரம்.

மனைவி அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தேன். “உனக்கு என்ன வேணும்? சட்டுனு சொல்லு.”

“எனக்கென்ன… பழசு மாதிரியே இருந்தாப் போதும்.”

அதை நான் ஒரு விடையாகவே கருதவில்லை. எதைக் கேட்டாலும் ‘எனக்கென்ன’ என்று தொடங்குவது அவள் வழக்கம். புடைவைக் கடையிலும் அப்படித்தான், மருத்துவர் முன்னிலையிலும் அப்படித்தான். தவிரவும், அவள் கணினியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. பிற்பகல்களில் அது இருந்த அறைக்குள் சில சமயம் போவாள். பக்கத்து அறையில் நான் கடிதம் எழுதிக்கொண்டிருப்பேன். அங்கிருந்து ஒரு சத்தமும் வராது. துணி மடிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். ஆக, நான்காம் வரியில் அடிக்கோலை வைத்து ஒரு கோடு இழுத்தேன். நேரான, நேர்த்தியான கோடு.

பிறகு ஒன்பது நாள் கடை கடையாக ஏறி இறங்கினேன். புதியவற்றின் விலையைக் கேட்டதும் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியேறினேன். பேருந்து நிலையத்துக்குப் பின்புறம், மாடிப்படியின் அடியில் ஒரு சிறு கடை இருந்தது. அலுவலகங்கள் கழித்துவிடும் கணினிகளை வாங்கித் துடைத்து, உள்ளே சிலவற்றை மாற்றி, ஓராண்டு உத்தரவாதத்தோடு விற்பார்கள். கடைக்காரருக்கு நான் வைத்த பெயர் பொறுமைசாலி. என்னுடைய பத்தொன்பது வினாக்களுக்கும் நின்றபடியே விடை சொன்னார். சொல்லும்போது இடையிடையே ஒரு தூரிகையால் யாருடைய விசைப்பலகையிலிருந்தோ தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

மூன்று மடிக்கணினிகளை என் முன் வைத்தார். நான் மதிப்பெண் போட்டேன். வேகத்துக்கு இவ்வளவு, எடைக்கு இவ்வளவு, மின்கலத்துக்கு இவ்வளவு. சிறியதும் மெலியதுமான ஒன்று முதலிடம் பெற்றது. அதன் மூடியைத் திறந்து, திரைக்குக் கீழே, கீலுக்குச் சற்று மேலே, கடுகளவு துளை ஒன்றை அவர் சுட்டிக் காட்டினார்.

“இந்த மாடல்ல மட்டும் கேமரா கீழ இருக்கு சார். கொஞ்சம் மங்கலாவும் இருக்கும். முகம் பார்த்துப் பேசறவங்க வீட்ல யாராவது இருக்காங்களா?”

“இல்லை.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“என் வீட்ல யார் இருக்காங்கன்னு எனக்குத் தெரியாதா?” என்று பட்டியலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் அதைப் படித்தார். நான்காம் வரிக்கு வந்ததும் தூரிகை ஒரு கணம் நின்றது. மறுபடி தட்டத் தொடங்கினார். பழைய கணினியை முழுத் தொகுதியாகக் கொடுத்தால் விலையில் குறைப்பதாகச் சொன்னார். மறுநாளே பெட்டி, அகன்ற திரை, திரையின் நெற்றியில் கவ்விக்கொண்டிருந்த உருண்டைக் கேமரா ஆகிய எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றினேன். மனைவி வாசல்வரை வந்தாள். “அந்த டிவியையும் குடுக்கணுமா?” என்றாள். திரையை அவள் டிவி என்றுதான் சொல்வாள். “அது டிவி இல்லை,” என்று திருத்திவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

மகனுக்கு வேகம் கிடைத்தது. மருமகள் பையில் வைத்துக்கொண்டு போனாள். என் கடிதங்கள் முன்னிலும் விரைவாகச் சென்றன. வழக்கம்போல் ஒருவரும் அவற்றை வெளியிடவில்லை. என் தேர்வை எல்லாரும் மெச்சினார்கள், நானும் மெச்சிக்கொண்டேன்.

இரண்டாம் வாரம் ஒரு வியாழக்கிழமை பிற்பகல், பேனா மை தேடி அந்த அறைக்குப் போனவன் திடுக்கிட்டேன். மடிக்கணினி மேசைமேல் ஒரு கோபுரத்தின் உச்சியில் இருந்தது. கோபுரம் என் இலக்கண நூல்கள். உரைகளோடு கூடிய ஐந்து தொகுதிகள். அவற்றின் முன் மனைவி முதுகை வளைத்து, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். மேசை விளக்கின் தலையைத் திருப்பித் தன் முகத்தில் அடிக்கும்படி வைத்திருந்தாள்.

“என்ன கூத்து இது? நான் படிச்ச புஸ்தகம் உனக்கு முட்டுக் குடுக்கற கட்டையா?”

அவள் எழுந்து நின்றாள். நான் ஒவ்வொரு நூலாக உருவித் தூசி தட்டி அலமாரியில் வைத்தேன். கடைசி நூலை உருவியபோது மடிக்கணினி மேசைமேல் தட்டையாக உட்கார்ந்தது. திரையில் ஏதோ அசைந்ததுபோல் இருந்தது. நான் பார்க்கவில்லை. நூலின் மேலட்டை மூலை மடங்கியிருந்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப்பின் பிற்பகல்களில் அவள் படுத்துக்கொள்ளத் தொடங்கினாள். வயதாகிறது, உறங்கட்டும் என்றிருந்தேன்.

நான்கு மாதம் கழித்து, மருமகளுக்கு விடுப்பு நாள். எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தவள் அங்கேயே நின்றாள்.

“மாமா, அத்தைக்கும் சித்திக்கும் ஏதாவது சண்டையா?”

சித்தி என்றது என் மனைவியின் தங்கையை, என் கொழுந்தியாளை. வெகு தொலைவில், மகனோடும் மருமகளோடும் இருக்கிறாள். இருபத்தொன்பது வயதில் மூளைக் காய்ச்சல் வந்து அவளுக்கு இரண்டு காதும் போய்விட்டன. உதட்டசைவைப் பார்த்துத்தான் பேச்சை அறிவாள். என் பேச்சு மட்டும் அவளுக்குப் பிடிபடாது. “அத்தான் பேசறது எங்க தெரியுது? மீசை ஆடறதுதான் தெரியுது,” என்று உறவினர் கூட்டத்தில் சொல்லி என்னைச் சந்தி சிரிக்க வைத்தவள்.

“சண்டையா? அவங்க ரெண்டு பேரும் பேசியே வருஷக்கணக்காச்சே,” என்றேன்.

மருமகள் என்னை உற்றுப் பார்த்தாள். நோயாளியின் நாடி தப்பும்போது அவள் இப்படித்தான் பார்ப்பாள்போலும்.

“என்ன மாமா சொல்றீங்க? செவ்வாய், வியாழன் மூணு மணிக்கு உக்காந்தா நாலரை ஆகுமே. ஏழு வருஷமா. நீங்க பக்கத்து ரூம்லதானே இருப்பீங்க?”

“எனக்கு ஒரு சத்தமும் கேட்டதில்லையே.”

“சத்தம் எதுக்கு மாமா? காது கேக்காதவங்ககிட்ட யாராவது சத்தம் போடுவாங்களா? அத்தை வாயை மட்டும் அசைப்பாங்க. சித்தியும் அப்படியே. நடுநடுவுல சிரிப்பு மட்டும் வரும். அதுகூடவா கேட்கல?”

சிரிப்பு கேட்டிருக்கிறது. இரண்டு முறையோ மூன்று முறையோ. தனியாக உட்கார்ந்து என்ன சிரிப்பு என்று எரிச்சலோடு நினைத்ததும் நினைவுக்கு வந்தது. பிறர் வாயிலிருந்து விழும் ஒவ்வொரு சொல்லையும் காது கொடுத்துக் கேட்டுப் பிழை பிடிப்பதே பிழைப்பாக இருந்தவன் நான். எனக்கு ஒரு சுவருக்கு அப்பால், ஏழாண்டுகள், இரண்டு பெண்கள் ஓயாமல் பேசியிருக்கிறார்கள். நான் அதை அமைதி என்று எண்ணியிருக்கிறேன்.

மனைவி உள்ளறையில் விழித்தபடி படுத்திருந்தாள். கட்டிலோரம் உட்கார்ந்தேன்.

“ஏன் எங்கிட்ட சொல்லலை?”

“சொன்னேனே. பழசு மாதிரியே இருந்தாப் போதும்னு சொன்னேன்.”

அவள் கூரையைப் பார்த்தபடியே பேசினாள். கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“இதுல அவளுக்கு என் தாடையும் மூக்கு ஓட்டையும்தான் தெரியுது. உதடு இருட்டா இருக்கு. புஸ்தகத்தை அடுக்கினா கொஞ்சம் தேவலாம்போல இருந்துச்சு. அவ அதை மெஷின் கோளாறுன்னு நெனைக்கலைங்க. தன் கண்ணு போச்சுன்னு நெனச்சுட்டா. ‘இனிமே எனக்கு உதடு பிடிபடாதுக்கா, அந்த வித்தையும் போச்சு’ன்னு எழுதி அனுப்பினா. காது போனப்பகூட அழாதவ.”

“மெஷின்தான்னு நீ சொல்லியிருக்கலாமே.”

“சொன்னேன். பட்டன் போன்ல ஒத்தை விரலால தட்டித் தட்டிச் சொன்னேன். ‘என்னைத் தேத்தாதே’ங்கறா. இப்ப ‘சாப்பிட்டியா’ம்பேன். ‘சாப்பிட்டேன்’ம்பா. அவ்வளவுதான்.”

மறுநாள் கடை திறக்கும் முன்பே மாடிப்படியடியில் நின்றேன். பழைய தொகுதி என்ன ஆயிற்று என்று கேட்டேன். “அது அந்த வாரமே பிரிச்சுப் போயிடுச்சு சார்,” என்றார் பொறுமைசாலி. நான் கேட்டேனே சார் என்று அவர் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. மடிக்கணினியோடு இணைக்கத்தக்க அகன்ற திரை ஒன்றையும் தனிக் கேமரா ஒன்றையும் எடுத்து வைத்தார். எல்லாம் சேர்த்து, முன்பு பழையதைக் கொடுத்து நான் குறைத்துக்கொண்ட தொகைகூட ஆகவில்லை. “இது யாருக்கு சார்?” என்று இந்த முறையும் கேட்டார். சொன்னேன். நின்ற நிலையில், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். வெளிச்சம் முகத்துக்கு நேரே விழ வேண்டும், முதுகுப்புறம் சன்னல் இருக்கக் கூடாது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதியும் கொடுத்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு மகன் விடுப்பெடுத்து எல்லாவற்றையும் பொருத்திக் கொடுத்தான். மனைவி தலை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நான் கதவருகே நின்றேன். மறுமுனையில் கொழுந்தியாளின் மருமகள் வந்தாள். பிறகு கொழுந்தியாளைக் கையைப் பிடித்து அழைத்து வந்து உட்கார வைத்தாள். கொழுந்தியாள் இளைத்திருந்தாள். மனைவி வாயசைத்தாள். மெதுவாக, ஒவ்வோர் அசையையும் நிறுத்தி. கொழுந்தியாள் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். மனைவி மீண்டும் அசைத்தாள். கொழுந்தியாளின் உதடு தன்னையறியாமல் அதைப் பின்பற்றத் தொடங்கியதுபோல் எனக்குத் தோன்றியது. அதற்குள் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். எழுந்தாள்.

“வேணாங்கறாங்க பெரியம்மா,” என்றாள் அந்த மருமகள். “தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி நடிக்க முடியாதாம். கண்ணு கூசுதாம்.”

“பரவாயில்லம்மா. நீ ஆஃப் பண்ணாதே. அப்படியே இருக்கட்டும்.”

கொழுந்தியாள் அறையின் மறுகோடியில், சன்னலை நோக்கி ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். மடியில் ஏதோ தையல். காது கேட்பவர்கள் முதுகைக் காட்டினால் அது கோபம், கூப்பிட்டால் திரும்பிவிடுவார்கள். கண்ணால் கேட்கிறவள் முதுகைக் காட்டினால், கதவைச் சாத்தித் தாழிட்டாள் என்று பொருள். கூப்பிட வழியில்லை.

இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது. செவ்வாய், வியாழன் மூன்று மணிக்கு அந்த மருமகள் கணினியைத் திறந்து வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகிறாள். திரை முழுதும் அந்த முதுகு, நரைத்த கொண்டை, ஊசி மேலே வரும்போது மட்டும் தெரியும் முழங்கை. படம் அவ்வளவு தெளிவு; ரவிக்கையின் தையல் பிரிந்திருப்பதுகூடத் தெரிகிறது. என் மனைவி அதன் முன் நிமிர்ந்து உட்கார்ந்து, வெளிச்சம் முகத்தில் விழ, ஒன்றரை மணி நேரம் வாயசைத்துப் பேசுகிறாள். இடையில் சில வேளை நிறுத்தி, மறுமொழிக்குக் காத்திருப்பதுபோல் தலையைச் சாய்க்கிறாள். நான் கதவருகே நின்று அவள் உதட்டைப் படிக்க முயல்கிறேன். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

இதை வாசிக்கிற உங்களிடம் இரக்கம் கேட்கவில்லை. எழுந்திருங்கள், அதைத்தான் கேட்கிறேன். தாளை அப்படியே போட்டுவிட்டு எழுந்திருங்கள். உங்கள் வீட்டில் எந்த அறையிலிருந்து சத்தமே வருவதில்லையோ, அந்த அறைக்குள் இப்போதே போங்கள்.