ஒரு காலுறைக்கு நாற்பது நிமிடம்

ஊரை நிர்வகிக்கும் கவுன்சிலிலிருந்து ஆள் வந்தால் வீட்டைப் பறிக்கத்தான் வருவார்கள் என்பது என் எண்ணம். எழுபத்தொன்பது வயதுவரை அது மாறவில்லை. ஆனால் பக்கத்து வீட்டு டோரீன் என்னைக் கேட்காமலே, எனக்கு உதவிக்கு ஆள் வேண்டும் என்று அவர்களுக்குப் போன் போட்டுவிட்டாள்.

கண்ணாடித் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருடம் உழைத்ததில் என் தோள்கள் இரண்டும் போய்விட்டன. முழங்கால்கள் வயதால் போயின. காலையில் குளிக்க, உடுத்த ஒருவர் வந்து கை கொடுத்தால் என் வீட்டிலேயே காலத்தை ஓட்டிவிடலாம். வராவிட்டால் என்றைக்காவது குளியல் தொட்டியில் விழுந்து முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டியதுதான். இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்ததை வெளியாளிடம் சொல்கிற வழக்கம்தான் வட இங்கிலாந்தில் இந்தப் பார்ன்ஸ்லி ஊரில் எங்களுக்கு இல்லை.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வருவதாகக் கடிதம் வந்தது. அன்று ஐந்து மணிக்கே எழுந்துவிட்டேன். சவரம் செய்து, நல்ல சட்டை போட்டு, டை கட்டி, அழுக்குத் துணியை எல்லாம் அலமாரிக்குள் திணித்தேன்.

டோரீன் வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உதவி கேக்கப் போறியா கிளிஃப், இல்ல மாப்பிள்ளையா நிக்கப் போறியா?"

வந்த பெண்ணின் பெயர் கெர்ரி. முப்பது வயது இருக்கும், மடியில் கம்ப்யூட்டர். சமைக்க முடிகிறதா என்று கேட்டாள். குளிக்க, உடுத்த, வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ள முடிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் சொன்னேன்.

"சமாளிச்சுக்கிறேன்."

எங்கள் ஊரில் கால் போனவனும் அதைத்தான் சொல்வான். டோரீன் கூரையைப் பார்த்தாள். கெர்ரி அந்த வார்த்தையை அப்படியே தட்டிக்கொண்டு வந்தாள். இதோடு அவள் கிளம்பினால் எனக்கு யாரும் வரப்போவதில்லை. அது புரிந்தும் டையைத்தான் இறுக்கிக்கொண்டேன்.

அவள் தட்டுவதை நிறுத்தினாள். "நானும் இந்த ஊர்க்காரிதான் ஐயா. இங்க அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். இன்னிக்குக் காலுறை போட எவ்வளவு நேரமாச்சு?"

யோசிக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். "நாப்பது நிமிஷம்."

"ரெண்டு காலுக்குமா?"

"வலது காலுக்கு."

இடது காலை நாற்காலிக்கு அடியில் இழுத்தேன். டோரீன் விடவில்லை, குனிந்து பார்த்தாள். "வெறுங்கால்ல ஷூவ மாட்டியிருக்கான் பாவி."

கெர்ரி சிரித்துவிட்டு விதியைச் சொன்னாள். ஒரு வேலையை வலியோடு செய்தாலும், அளவுக்கு மீறி நேரம் எடுத்தாலும், செய்யப்போய் விழுகிற ஆபத்து இருந்தாலும், முடியவில்லை என்றுதான் கணக்காம். அப்படி இரண்டு வேலையாவது இருக்க வேண்டும், அதனால் ஆளின் வாழ்க்கை கெட்டிருக்க வேண்டும். ஏதோ தந்திரம் என்று நினைத்து, எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். திரையை என் பக்கம் திருப்பினாள். எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.

இதனால் எதை எதை விட்டுவிட்டீர்கள் என்று கேட்டாள். தொட்டியில் குளிப்பதை விட்டாயிற்று, ஈஸ்டரிலிருந்து துடைத்துக்கொள்வதோடு சரி. வியாழக்கிழமை கிளப்பில் டாமினோ பதினோரு மணிக்கு ஆரம்பம், நான் உடுத்தி முடிக்கவே பன்னிரண்டு ஆகிறது, அதனால் அதுவும் போயிற்று. விளையாட்டெல்லாம் கணக்கில் வருமா என்று கேட்டேன். நாலு பேரோடு பழகுவதும் கணக்குதான் என்றாள்.

"அப்ப அந்த 'சமாளிச்சுக்கிறேன்' எல்லாத்தையும் அழிச்சிடு."

"என்ன போடட்டும்?"

டையைத் தளர்த்தினேன்.

"என்னால முடியலன்னு போடு."

எழுதியதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். இந்த உதவிக்கு நான் எவ்வளவு கட்ட வேண்டும் என்று பார்க்க வேறு ஆள் வருவாராம். அவரையும் நான் நம்பப்போவதில்லை.

உதவி பெற எனக்குத் தகுதி உண்டு என்று மூன்றாம் வாரம் கடிதம் வந்தது. இப்போது காலை எட்டு மணிக்கு லீ என்ற ஆள் வருகிறான். அரை மணி நேரத்தில் என்னைக் குளிப்பாட்டி உடுத்திவிட்டுப் போய்விடுகிறான்.

முதல் வியாழக்கிழமை பத்தேமுக்காலுக்கே கிளப்பில் இருந்தேன். என்னோடு எப்போதும் ஆடும் ஹரால்டு ஒன்றும் விசாரிக்காமல் என் பக்கம் காய்களைத் தள்ளினான்.

"நீ வராம எனக்கு ஜெயிச்சு ஜெயிச்சே சலிச்சுப்போச்சுடா," என்றான்.

மூன்று ஆட்டமும் அவனிடம் தோற்றேன்.