ஏரியைச் சுற்றி நாங்கள்

நர்ஸம்மாவின் வீட்டுக்காரர் இரண்டு மாடி ஏறி வந்தாலே கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். அப்படிப்பட்டவர்தான், ஆள் நடமாட்டமில்லாத ஏரிக்கரைக் காட்டுப் பாதையில் முதுகில் பையோடு நான்கு நாள் நடக்கத் திட்டம் போட்டார். கூரையேறிக் கோழி பிடிக்காதவர் வானமேறி வைகுண்டம் காட்டக் கிளம்பிய கதைதான்.

அவர் மனைவி மட்டும் அதை நம்பினாள். "நாம போறோம்" என்று அவர் சொன்ன அந்த 'நாம'வுக்காகவே நம்பினாள். பல வருடமாக வார்டிலும் அடுப்படியிலும் நடந்தே தேய்ந்த கால்கள் அவளுடையவை. தலைமை நர்ஸிடம் கெஞ்சி, மற்றவர்கள் தட்டிக்கழித்த ஞாயிறு டியூட்டிகளையெல்லாம் தலையில் போட்டுக்கொண்டு லீவு வாங்கியிருந்தாள். அந்த ஏரியைப் பார்த்துவிட வேண்டும் அவளுக்கு.

திட்டத்துக்குக் கூட்டாளி அவளுடைய தம்பி. கூடத்தில் வரைபடத்தை விரித்துவைத்து, மாமனும் மச்சானும் விரலாலேயே மலை தாண்டினார்கள். சுமையைக் குறைக்க வேண்டுமாம், பல் தேய்க்கும் பிரஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்தார்கள். வீட்டுக்காரரின் தொப்பையைப் பற்றி இருவரும் மூச்சு விடவில்லை. கரடி வந்தால் என்ன செய்வது என்று ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசினார்கள்.

கிளம்புவதற்கு முதல் நாள், அவர் பையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார்.

"நாளைக்கு விடியறதுக்குள்ள நாங்க கிளம்பணும். எங்களைக் கொஞ்சம் எழுப்பி விட்டுடு."

துணி மடித்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது. 'நாம'வுக்கும் 'நாங்க'வுக்கும் நடுவில் எங்கேயோ அவளை இறக்கிவிட்டு வண்டி போய்விட்டது.

"நாங்கன்னா யாருங்க?"

"நானும் உன் தம்பியும்தான். காடு, கல்லு, முள்ளு, உனக்கெதுக்கு இதெல்லாம்?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுகையும் வந்தது, அதை அவருக்குக் காட்ட மனமில்லை.

புது ஸ்டவ்வைப் பற்றவைக்கத் தெரியாமல் திருகிக்கொண்டிருந்த தம்பி நிமிர்ந்தான். "என்ன மாமா இது? அக்கா வரலைன்னா சமையல் யாரு?"

காட்டிலும் பசிக்கும் என்பது வீட்டுக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. குரல் வெண்ணெயாக உருகியது. "அட, சும்மா சொன்னேம்மா. நாம மூணு பேருமே போலாம்."

அந்த 'நாம'வில் கரண்டி வாசம் அடித்தது.

அவள் எழுந்து போய் அவர் தோளிலிருந்த பையைக் கழற்றினாள். அவர் சட்டைகளைக் கட்டிலில் கொட்டிவிட்டுத் தன் துணிகளை அடுக்கினாள். படுத்த நோயாளிகளைத் தூக்கிப் புரட்டுகிறவளுக்கு அந்தப் பை ஒரு பொருட்டே இல்லை.

"நான் போறேன்."

"அப்போ நாங்க?" என்றான் தம்பி.

"நீங்க நாங்களாவே இருங்க."

வீட்டுக்காரர் கட்டிலில் கிடந்த சட்டைகளை அள்ளிக்கொண்டார். "போறேன்னு சொல்லக்கூடாதும்மா. போயிட்டு வரேன்னு சொல்லணும்."

"அதை ஏரியைப் பாத்துட்டுச் சொல்றேங்க" என்றாள்.