பகல் தூக்கத்துக்கு ஒரு ஜெனரேட்டர்

வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டு மேஸ்திரி வேறொரு வேலைக்குப் போய்விட்டார். "கொஞ்ச நாள் பொறுத்துக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனவர், பிறகு போன் எடுப்பதையும் நிறுத்திவிட்டார். சுவரிலிருந்த ஒயரையெல்லாம் உருவியாயிற்று. மின் இணைப்பையும் துண்டித்தாயிற்று. அப்படித்தான் நானும் என் கணவரும் எங்கள் வீட்டு முற்றத்திலேயே, காரின் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற ஒரு பழைய டிரெய்லருக்குள் குடியேறினோம். அவருடைய நண்பர் ஊர் சுற்றுவதற்காக ஆசையாக வாங்கி, ஒரே ஒரு தடவை சுற்றி, மனைவியோடு பேச்சுவார்த்தை இல்லாமல் திரும்பி வந்த வண்டி அது. அதைக் கேட்டபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

டிரெய்லர் என்றால் ஒரு கட்டில், ஒரு சின்ன மேஜை, அலமாரி அளவுக்கு ஒரு சமையலறை. ஒருவர் நடந்தால் இன்னொருவர் உட்கார வேண்டும். கதவுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு பிளாஸ்டிக் சட்டம் மட்டும் காலியாக இருந்தது. ஏதோ அலாரம் மாட்டுகிற இடமாம். நாங்கள் சாவி மாட்டிக்கொண்டோம்.

எனக்கு பிரெட் கம்பெனியில் இரவு ஷிஃப்ட். சூடான ரொட்டி வந்துகொண்டே இருக்கும். உறையில் போட்டு வாயைக் கட்டித் தட்டில் அடுக்க வேண்டும். விடிந்து வெளியே வரும்போது காலிரண்டும் என்னுடையவையே இல்லை. பகலில்தான் தூக்கம். தகர டிரெய்லருக்குள் பகலில் ஏசி இல்லாமல் படுத்தால் நானும் ஒரு ரொட்டிதான். அதற்காகத்தான் அவர் ஜெனரேட்டர் வாங்கினார்.

அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். முப்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு எதிலும் ஜாக்கிரதை ஜாஸ்தி. ஜெனரேட்டரோடு வந்த புத்தகத்தை, பரீட்சைக்குப் படிப்பதுபோல் உட்கார்ந்து படித்தார். அதன் பிறகு வீட்டில் சட்டங்கள் அமலுக்கு வந்தன.

"ஏசி ஓடும்போது கெட்டில் போடாத. லோடு தாங்காது."

"சூடா இருக்கும்போது பெட்ரோல் ஊத்தக் கூடாது. அணைச்சு, ஆறினப்புறம்தான்."

"ஈரக் கையோட பிளக்கத் தொடாத."

ராத்திரி முழுக்க நின்றுவிட்டு வந்து ஒரு வாய் டீ போடலாம் என்றால், ஏசியை அணைத்து, கெட்டிலைப் போட்டு, கெட்டிலை அணைத்து, மறுபடி ஏசியைப் போட வேண்டும். டீயே வேண்டாம் என்று படுத்துவிடுவேன்.

முதலில் அந்த ஜெனரேட்டரை கேட் பக்கம், தூரத்தில்தான் வைத்தார். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்ததாம். ஆனால் கையிலிருந்த நீள ஒயர் மெலிசு. ஏசி முனகுமே தவிர ஓடாது. ஒயரைத் தொட்டால் கை சுட்டது. இப்படியே விட்டால் ஒயர் உருகி எரிந்துவிடும் என்று பயந்துபோய், டிரெய்லரோடு வந்த தடித்த ஒயரை எடுத்தார். அது குட்டை. அதற்கு எட்டுகிற மாதிரி ஜெனரேட்டரை டிரெய்லரின் பின்பக்கம் கொண்டுவந்தார். புகைக்குழாயின் வாயை வெளிப்பக்கமாகத்தான் திருப்பி வைத்தார். அதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு மழை பிடித்துக்கொண்டது. மேஸ்திரி போட்டுவிட்டுப் போன பிளைவுட் பலகைகளை எடுத்து, ஜெனரேட்டர் நனையாமல் சுற்றிச் சாய்த்து வைத்தார். சத்தமும் பாதியாகக் குறைந்தது.

"இப்ப நிம்மதியாத் தூங்கலாம் பாரு" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

தூங்கினேன். அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன். எழுந்தால் தலைவலி. கண்ணுக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்து அழுத்துவதுபோல் ஒரு வலி. குமட்டல். காலையில் நான் வந்ததும் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போவார். மதியம் திரும்பி வந்தாலும் என் தூக்கம் கெடக் கூடாதென்று உள்ளே வரமாட்டார், மரத்தடியிலேயே உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் நான் எழுந்ததும்தான் கதவைத் திறந்து சிரித்த முகமாக வருவார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். செருப்பு ஏன் இங்கே கிடக்கிறது, தட்டு ஏன் இப்படி இருக்கிறது, ஏன் இப்படி மூச்சு விடுகிறீர்கள் என்றெல்லாம் சண்டை. அவரும் மனிதர்தானே. இரண்டு தடவை பொறுத்துக்கொள்வார், மூன்றாவது தடவை எகிறுவார்.

கம்பெனிக்குப் போய்க் கொஞ்ச நேரத்தில் தலை தெளிந்துவிடும். உலைச் சூட்டிலும் மெஷின் சத்தத்திலும் நின்றுகொண்டு, பக்கத்து மேஜைக்காரியோடு சிரித்துப் பேசுவேன். வீட்டுக்குத் திரும்பிப் படுத்து எழுந்தால் மறுபடி வலி. டாக்டரிடம் போனேன். "நைட் ஷிஃப்ட்னா இதெல்லாம் சகஜம்மா" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். எனக்கும் அப்படித்தான் பட்டது. அலுப்புக்குப் பழகின உடம்புக்கு எது நோய், எது அலுப்பு என்று எப்படித் தெரியும்?

ஆனால் ஒன்று மட்டும் தெரிந்தது. கம்பெனியில் இருந்தால் நன்றாக இருக்கிறேன். அவரோடு இருந்தால் இல்லை.

அக்காவிடம் போனில் சொன்னேன். "கொஞ்ச நாள் இங்க வந்து இருடி" என்றாள். போனேன். அவள் வீட்டுப் பின்னறையில் ஒரு வாரம் பகலெல்லாம் தூங்கினேன். தலைவலி என்ற பேச்சே இல்லை. சாப்பாடு இறங்கியது. கண்ணாடியில் முகம் பார்க்கும்படி இருந்தது.

"உன் உடம்பே சொல்லுது பாரு" என்றாள் அக்கா. "கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சு ஒத்துவரலன்னா அதுல ஒண்ணும் தப்பில்ல. இங்கயே இருந்துடு."

நானும் முடிவு பண்ணிவிட்டேன். அழுகைகூட வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே. துணிமணிகளை எடுத்துக்கொண்டு, அவரிடம் நேராகச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று ஒரு மத்தியானம் கிளம்பினேன்.

பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். பஸ் இல்லை. டிரெய்லர் கதவு சாத்தியிருந்தது. பின்பக்கம் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஏசிக் குளிரில், சட்டையைக்கூடக் கழற்றாமல் சுருண்டு படுத்திருந்தார். நான் கூப்பிட்ட பிறகு மெதுவாகக் கண்ணைத் திறந்தார். எழுந்து உட்காரப் பார்த்து, முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"வந்துட்டியா?"

"துணி எடுத்துட்டுப் போக வந்தேன். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. இரு, அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடறேன்." வார்த்தைகளைத் தேடித் தேடிப் பேசினார். "நீ போனதுலேருந்து எனக்குத் தலைவலி. கண்ணுக்குப் பின்னாடி யாரோ உக்காந்து அமுக்கற மாதிரி இருக்கு. வயித்தப் புரட்டுது. சாப்பாடு உள்ள போகல. உன்னையே நெனச்சிட்டு இருக்கறதாலதான் இப்படிப் படுத்துதுன்னு நெனைக்கிறேன். எனக்குச் சண்டையெல்லாம் வேணாம். நீ வந்துடு."

இவ்வளவு வருஷத்தில் அவர் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. என் மனம் இளகவில்லை என்று சொன்னால் அது பொய். சொல்ல வந்ததைச் சொல்லாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. அவர் சொன்னதெல்லாம், நான் அக்காவிடம் போனில் சொன்னவை. அதே கண், அதே அமுக்கல், அதே வயிறு. எனக்கு வந்தால் அவரைப் பிடிக்காததால். அவருக்கு வந்தால் என்னைப் பிடித்ததால். ஒரே வலி எப்படி இரண்டுக்கும் வரும்?

"எப்ப வலிக்குது உங்களுக்கு?"

"பகல்லதான். நீ போன மறுநாளே லீவு விட்டாங்க. அதுலேருந்து பகலெல்லாம் இங்கயே படுத்துக் கெடக்கறேன்."

"ராத்திரி?"

"ராத்திரி ஏசி எதுக்கு? ஜன்னலத் தொறந்து போட்டுட்டுத் தூங்கிடுவேன். காலையில நல்லாத்தான் இருக்கு. அப்புறம் வெயில் ஏறினதும்..."

அவர் முடிக்கவில்லை. இரண்டு பேருமே பின்பக்கச் சுவரைப் பார்த்தோம். அந்தச் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. அவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, முக்கால்வாசி இழுத்து, வெளியே மரத்தடியில் கொண்டுபோய்ப் போட்டேன். ரொட்டித் தட்டு தூக்கிப் பழகிய கைக்கு அன்றைக்குத்தான் ஒரு பிரயோஜனம். ஓடிப்போய் ஜெனரேட்டரை அணைத்தேன். பலகைகளைக் காலால் உதைத்துத் தள்ளினேன். உள்ளே அடைபட்டிருந்த சூடு முகத்தில் அடித்தது. வெளிப்பக்கம் விட்ட புகை பலகையில் முட்டித் திரும்பி, டிரெய்லரின் அடியில் போயிருக்கிறது. அங்கே தண்ணீர்க் குழாய் நுழைவதற்காகத் தரையில் போட்ட ஓட்டை, என் கட்டிலுக்கு நேர் கீழே.

ஆஸ்பத்திரியில் அவருக்கு முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். இரத்தத்தைப் பரிசோதித்த டாக்டரம்மா, "கார்பன் மோனாக்சைடு" என்றார். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, தூங்குகிறவரை எழுப்பவே எழுப்பாது என்றார். இவ்வளவு நாள் தப்பித்தது பெரிய விஷயம் என்று என்னையும் ஒரு பார்வை பார்த்தார். அந்த வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. செத்திருப்பேன் என்பதற்காக மட்டும் இல்லை. துணி எடுக்க நாளைக்குப் போகலாம் என்று நினைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துத்தான்.

முகமூடியைக் கழற்றியதும் அவர் கேட்ட முதல் கேள்வி இது:

"அப்ப நான் உன்ன நெனச்சு ஏங்கினது எல்லாம் வெறும் புகையா?"

"நான் உங்கள வெறுத்ததும் அதேதான்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

நான் திரும்பி வந்துவிட்டேன். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. அவர் தடித்த நீள ஒயராக ஒன்று வாங்கி, ஜெனரேட்டரை மறுபடி கேட் பக்கமே கொண்டுபோனார். நான்கு பக்கமும் திறந்த ஒரு சின்னக் கூரையை அதன் மேல் உயரமாகப் போட்டு, புகைக்குழாய் வாயைத் தெருப் பக்கம் திருப்பினார். தரை ஓட்டையை அடைத்தார். காலிச் சட்டத்தில், அந்த விஷக்காற்றை அளந்து காட்டுகிற புது அலாரம் வந்தது. அதில் எப்போதும் ஒரு பச்சைப் பூஜ்யம் எரிந்துகொண்டிருக்கும்.

நான் எழுந்ததும் அவர் முதலில் அந்தப் பூஜ்யத்தைப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார்.

"தலை வலிக்குதா?"

"இல்ல."

தினமும் இதே கேள்வி. பஸ்ஸில் பிள்ளைகளை எண்ணுவதுபோல் கேட்பார். நானும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சண்டைகூடக் குறைந்துவிட்டது. ஆனாலும் அவர் செருப்பை வாசலில் குறுக்கே போடுவது மட்டும் நிற்கவில்லை. மூச்சும் அப்படியேதான் விட்டார். பூஜ்யம் எரிகிறபோது வருகிற கோபம் என்னுடைய கோபம் என்று தெரிந்துவிட்டது. அதை யார் தலையிலும் கட்ட முடியாது.

நேற்றுக் கம்பெனியில் ஆள் குறைவு. இரண்டு பேர் வேலையை ஒருத்தியாகச் செய்துவிட்டு வந்து படுத்தேன். சாயங்காலம் எழுந்தபோது தலை தெறித்தது. கண்ணுக்குப் பின்னால், அதே இடத்தில். சட்டென்று அலாரத்தைப் பார்த்தேன். ஒரே ஒரு எண்ணாவது ஏறியிருக்கக் கூடாதா என்று இருந்தது. பூஜ்யம். அது வெறும் அலுப்பாகவும் இருக்கலாம். வேறாகவும் இருக்கலாம். இனி அதைச் சொல்ல எந்தக் கருவியும் இல்லை.

கதவு திறந்தது. அவர் தலையை மட்டும் உள்ளே நீட்டினார். அலாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தலை வலிக்குதா?"

வலிக்கிறது என்று சொன்னால் அந்த முகம் என்னவாகும் என்று எனக்குத் தெரியும். புகை இல்லை என்றால் மிச்சம் இருப்பது அவர் ஒருவர்தான் என்று அவரே எடுத்துக்கொள்வார். அவரைத் தூக்கி மரத்தடியில் போட்ட அன்றுகூட, துணியை எடுத்துக்கொண்டு போகத்தான் வந்தேன் என்பதை நான் மறக்கவில்லை. நேற்று அந்த முகத்தைப் பார்த்தபோது, எங்கேயும் போகப்போவதில்லை என்று எனக்கே தெரிந்தது.

"இல்லயே" என்றேன். "நல்லாத் தூங்கினேன்."

அவர் ஏசியை அணைத்துவிட்டு, எனக்கு டீ போட கெட்டிலை வைத்தார்.