காதில் ஒட்டிய விதை

பெரியவளின் வலி இடது இடுப்பில் கிளம்பி, தொடை வழியாக இறங்கி, முழங்காலுக்குக் கீழே வந்து குடியேறிவிட்டது. கெஞ்சியும் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். அது காலி செய்கிற வழியாய் இல்லை.

இத்தனைக்கும் அவள் வேலை பார்ப்பது மருந்துக்கடையில். நாள் முழுக்க நின்றுகொண்டே ஊருக்கெல்லாம் வலி மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள், தனக்கென்று ஒன்றை வாயில் போட முடியாது. போட்டால் வயிற்றுப் புண் ரத்தம் கக்கிவிடும். எலும்பு டாக்டரிடம் போனாள். அவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மருந்தெல்லாம் அப்புறம்மா. முதல்ல ஓடறத நிறுத்துங்க. ஆறு மாசம் மூச்!" என்றார். அன்றோடு அந்த டாக்டரைத் தலைமுழுகினாள்.

நிறுத்துவது எப்படி? அவள் ஓடுவதே தங்கைக்காக.

கல்லூரி முடித்த வருடம் ஒரு காய்ச்சல் வந்து சின்னவளின் கண்ணைக் கொண்டுபோய்விட்டது. அப்புறம் ஒரு வருடம் அவள் அறையை விட்டு வரவில்லை. ஜன்னல் பக்கச் சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடந்தாள். பெற்றவர்கள் இல்லாத வீடு. பேசிப் பார்க்கவும் அழுது பார்க்கவும் அக்கா ஒருத்திதான். ஒருநாள் பொறுமை போய், ஒரு முழக் கயிற்றின் இரு முனையிலும் வளையம் போட்டு, ஒன்றைத் தங்கையின் வலது கையிலும் மற்றதைத் தன் இடது கையிலும் மாட்டி, தரதரவென்று தெருவுக்கு இழுத்துப் போனாள். நடை ஓட்டமானது. கயிறு அவர்களுக்குள் ஒரு பேச்சானது. பக்கவாட்டில் சுண்டினால் திரும்பு. மேலே தூக்கினால் படி வருகிறது, காலைத் தூக்கு. அவ்வளவுதான். அதை நம்பிச் சின்னவள் காற்றாய்ப் பறப்பாள். ஓட ஆரம்பித்த பிறகுதான் சாப்பிட்டாள், சிரித்தாள், தொலைபேசியில் புகார் கேட்கும் வேலைக்கும் போனாள்.

நடுவில் ஒருமுறை அக்காவுக்கு உடம்பு சரியில்லையென்று ஓட்டக் குழுவிலிருந்து ஒருத்தர் கயிறு பிடிக்க வந்தார். போனில் பேசிக்கொண்டே கொண்டுபோய்க் கம்பத்தில் மோதவிட்டார். "நீ வரலன்னா நானும் வரலக்கா. இனிமே யாரையும் கூப்பிடாத," என்று சின்னவள் முடித்துவிட்டாள்.

ஆகவே பெரியவள் வைத்தியர் வேட்டையில் இறங்கினாள். எந்த வாசலில் நுழைந்தாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "ஓடலாமா?" என்பதுதான். தாராளமாய் ஓடு என்பவர் கெட்டிக்காரர். யோசிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஒருவர் முதுகில் கிண்ணங்களைக் கவிழ்த்து வட்ட வட்டமாய்ச் சிவக்க வைத்தார். ஒருவர் ஊசி குத்தினார். காந்தப் பட்டை கட்டியபோது கடைச் சாவிக்கொத்து வந்து இடுப்பில் ஒட்டிக்கொண்டதே தவிர, வலி அசையவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, துண்டைக் கடித்துக்கொண்டு அழுவாள். தங்கைக்குக் காது கூர்மை.

கடைசியில் அகப்பட்டவர் காது வைத்தியம் பார்க்கும் அம்மாள். உடம்பின் வலியெல்லாம் காதுக்குள் அடங்கும் என்றார். இடது காது மடலில் கடுகளவு விதை ஒன்றை வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினார்.

"வலி வந்தா இத அழுத்தும்மா."

"ஓடும்போது?"

"ஓடிக்கிட்டே அழுத்தேன், யாரு வேணாங்கறா?"

பெரியவளுக்கு அந்த அம்மாளின் காலில் விழலாம் போலிருந்தது. முடியால் காதை மறைத்துக்கொண்டாள். ஓடும்போது வலித்தால் வலது கையைக் கழுத்துக்குக் குறுக்கே கொண்டுபோய் அழுத்தினாள். வலி கேட்டதோ, கேட்டதாய் நினைத்துக்கொண்டாளோ, இரண்டு வாரம் ஓடிவிட்டாள்.

அன்று காலை பூங்காவைச் சுற்றும் சிமெண்டுப் பாதையில் சின்னவள் நல்ல வேகத்தில் இருந்தாள். அலுவலகத்துக் கதை ஒன்றைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தாள். திடீரென்று இடுப்பில் கத்தி இறங்கியதுபோல் ஒரு வெட்டு. பெரியவளுக்குக் கண் இருட்டியது. கை காதுக்குப் பறந்தது. பறந்தது இடது கை.

கயிறு மேலே எகிறியது. படி என்று எடுத்துக்கொண்ட சின்னவள், அந்த வேகத்திலேயே காலை உயரத் தூக்கி எட்டி வைத்தாள். ஏற அங்கே ஒன்றும் இல்லை. கால் மடங்கி, முகம் தரையில் அடிக்க விழுந்தாள்.

மோவாய் கிழிந்து ரத்தம் சொட்டியது. அதைத் துடைக்காமல், உள்ளங்கையால் தரையைத் தடவினாள். முன்னால் தடவினாள், பக்கத்தில் தடவினாள்.

"படி எங்கக்கா?"

பெரியவள் குனிந்து அவளைத் தூக்கப் போனாள். "கல்லு... ஒரு கல்லு கெடந்துச்சுடி," என்றாள்.

"கல்லுக்கு நீ கயித்தத் தூக்க மாட்டியே."

சின்னவளின் விரல்கள் கயிற்றைப் பிடித்தபடி மேலே வந்தன. அக்காவின் மணிக்கட்டு, முழங்கை, தோள், காது. பிளாஸ்திரியில் நின்றன.

"என்னது இது?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? பெரியவள் நடுப்பாதையில் உட்கார்ந்து வலி, கிண்ணம், ஊசி, விதை என்று எல்லாவற்றையும் கொட்டினாள். சின்னவள் ஒன்றை மட்டும் கேட்டாள்.

"டாக்டர் ஓடக் கூடாதுன்னாரா?"

பெரியவள் தன் கையிலிருந்து கயிற்றைக் கழற்றினாள். அதுவே பதிலாகிவிட்டது. வீடு வரைக்கும் இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நொண்டினார்கள். வந்ததும் பெரியவள் பிளாஸ்திரியைப் பிய்த்துக் குப்பையில் எறிந்தாள்.

மறுநாள் காலை வழக்கம்போல் எழுந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஷூவையும் மாட்டினாள். எப்போதும் தொங்கும் ஆணியில் கயிறு இல்லை. தங்கையின் அறையிலிருந்து தொம் தொம்மென்று சத்தம் கேட்டது. கதவைத் தள்ளினாள்.

கயிற்றின் ஒரு வளையம் ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தது. மற்றதைக் கையில் மாட்டிக்கொண்டு, மோவாயில் கட்டோடு, சின்னவள் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்ற?"

"கம்பிக்கு வலிக்காதுக்கா. நீ போய்ப் படு."

ஒரு வருடம் பார்த்தபடி கிடந்தாளே, அந்தச் சுவரைப் பார்த்துத்தான் ஓடினாள். மூச்சிரைத்தது, முகத்தில் சிரிப்பில்லை. வா போகலாம் என்று சொல்ல அக்காவுக்குக் கால் இல்லை. போதும் நிறுத்து என்று சொல்ல வாய் வரவில்லை. கை தானாகக் காதுக்குப் போயிற்று. விதை இல்லாத காதை இறுக அழுத்திக்கொண்டு அந்த அறையின் வாசற்படியில் நின்றாள்.