ஓடுபாதையில் ஐந்து மாடுகள்

தென்னை உச்சிகளைத் தாண்டி விமானத்தை இறக்கிக்கொண்டிருந்தபோதுதான் கில்பட் ஓடுபாதையில் மாடுகளைக் கண்டான். ஐந்து மாடுகள். நடுவே ஒரு பெண். முக்காடு தோளில் சரிந்து கிடக்க, கையில் ஒரு துண்டு தண்ணீர்க் குழாயை வைத்துக்கொண்டு மாடுகளை விரட்டிக்கொண்டிருந்தாள். வெளியே அல்ல, உள்ளே, பாதையின் நட்டநடுவுக்கு. “பைத்தியக்காரி” என்று பல்லைக் கடித்தபடி இயந்திரத்தை முழு வேகத்துக்குத் தள்ளி, மூக்கை உயர்த்தினான். சக்கரங்கள் மாடுகளின் முதுகுக்கு மேலே தென்னை உயரத்தில் கடந்தன.

கடந்த மறு நொடியில், பாதை நடுவே மேடிட்டிருந்த இடத்துக்கு அப்பால், இன்னொரு விமானத்தைக் கண்டான். பயிற்சி விமானம். மேலெழுவதற்காக எதிர்முனையிலிருந்து ஓடி வந்து, மாடுகளுக்குச் சற்று முன்னால் பிரேக் பிடித்து, கோணலாகப் புழுதிக்குள் நின்றிருந்தது.

எத்தாளைப் பக்கத்து அந்தச் சிறு ஓடுபாதைக்குக் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. ஏறுகிறவரும் இறங்குகிறவரும் ஒரே வானொலி அலைவரிசையில், தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும். இறங்குமுன் மேலே ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே பார்க்க வேண்டும். பாதையின் நடுவில் நிலம் மேடிட்டிருப்பதால் ஒரு முனையில் நிற்பவருக்கு மறுமுனை தெரியாது. காற்று வீசும் நாட்களில் எல்லோரும் ஒரே திசையைப் பிடிப்பார்கள். அன்று காற்றின் திசையைக் காட்டும் காற்றுப்பை கம்பத்தோடு ஒட்டித் தொங்கியது. எந்தப் பக்கமும் சரிதான். கில்பட் இருபது நிமிடம் பிந்தியிருந்தான். பயணிகளை டொல்பின் பார்க்க அழைத்துப் போகும் படகு காத்திருந்தது. சுற்றாமல் நேரே வந்துவிட்டான். ஆனால் வானொலியில் சொன்னானே, மூன்று தரம் சொன்னானே!

குனிந்து வானொலியைப் பார்த்தான். கொழும்பில் புறப்பட்டபோது வைத்த எண் அப்படியே நின்றது. மூன்று தரமும் அவன் சொன்னது இங்கே யாருக்கும் கேட்டிருக்காது. எண்ணை மாற்றியதும், அவனுடைய விமானத்தைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு உடைந்துபோன ஓர் இளம் பெண்குரல் காதில் விழுந்தது.

பாதை காலியான பிறகு சுற்றி வந்து இறக்கினான். பின்னால் இருந்த சுவிஸ் நாட்டுத் தம்பதிக்கு எதுவும் விளங்கவில்லை. மாடுகளைப் படம் பிடித்திருந்தார்கள். தினமும் இப்படித்தானா என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். அவர்கள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றான். இரண்டு பேருக்கும் பல் தெரிந்தது, கண்ணோரம் சுருங்கியது. அதுவே போதும் என்றிருந்தது.

ஓடுபாதைப் பொறுப்பாளர் சுஹைர் கையில் அறிக்கைத் தாளோடு வந்தார். பின்னால், பயிற்சி விமானத்தை ஓட்டிய நிலானி வெளிறிய முகத்தோடு நின்றாள்.

“அந்த முஃப்லிஹாட மாடுதான் கெப்டன். பாதையோரத்துத் தோட்டக்காரி. எத்தினை தரம் ஏசிட்டன். இந்த முறை பொலிஸ்ல குடுத்துத்தான் விடணும். மாடு குறுக்கால வந்ததுண்டு எழுதுறன், சரிதானே?”

அப்படி எழுதினால் எல்லோரும் நம்புவார்கள். கில்பட்டுக்கு அது நன்றாகத் தெரிந்தது. சிலாபத்து வீடு நினைவுக்கு வந்தது. மனைவி மெரினா, இரண்டு பிள்ளைகள், பறக்க மட்டுமே தெரிந்த தன் கைகள். நிலானியைத் திரும்பிப் பார்த்தான். இருபது வயது இருக்குமா?

“மாட்ட எழுதாதீங்க சுஹைர். என்ட ரேடியோவ எழுதுங்க. நம்பர் மாத்த மறந்துட்டன். சுத்திப் பாக்கவும் இல்ல. ரெண்டும் என்ட பிழை.”

சுஹைர் பேனாவைத் தாளில் வைத்தபடி அவனையே பார்த்தார். “யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“ஓம்.”

விசாரணை முடியும்வரை பறக்கக் கூடாது என்று அன்று மாலையே சொல்லிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் கில்பட் மோட்டார் சைக்கிளில் முஃப்லிஹாவின் தோட்டத்துக்கு வந்தான். ஐம்பது வயதிருக்கும் அவளுக்கு. மிளகாய்ப் பாத்தியில் குனிந்து நின்றவள், அவனுடைய வெள்ளைச் சட்டையைக் கண்டதும் நிமிர்ந்து முக்காட்டை இழுத்துவிட்டாள்.

“மாட்டு விசயமா வந்தீங்களா தம்பி? இனிக் கட்டியே வெக்கிறன்.”

“இல்லக்கா. அண்டைக்கு இறங்க வந்தது நான்தான்.”

அவள் கிணற்றடியில் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டாள். பாலில்லாமல் இஞ்சி போட்ட பிளேன்டீ வந்தது. என்ன சொல்வதென்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தான். கடைசியில், “எப்பிடிக்கா தெரிஞ்சது?” என்று மட்டும் கேட்டான்.

“மத்த ப்ளேனெல்லாம் ஒரு சுத்து சுத்தித்தானே இறங்கும். நீங்க நேரா வந்தீங்க. அங்கால மத்தது ஸ்டார்ட் பண்ணிட்டிச்சி. நான் மேட்டுல நிண்டதால எனக்கு ரெண்டும் தெரிஞ்சிச்சி. கையக் காட்டினா யாரு பாக்கப் போறா? மாடுண்டா உங்களுக்குப் பயம். சுஹைர் ஏசுற ஏச்சு எனக்குத்தானே தெரியும்.”

“நீங்க பயப்படலயா?”

“பயப்பட எங்க நேரம்? பொறகு இந்தா, இதுலதான் குந்தினன். வாளியத் தூக்க ஏலாமப் போச்சி. அல்ஹம்துலில்லாஹ், ஒண்டும் நடக்கல்ல.”

ஒன்றும் நடக்கவில்லை என்பது சரியல்ல. வேலியோரம் செவலைப் பசு ஒன்று படுத்திருந்தது. சினைப் பசு. தொடையில் நீளமான கிழிசல். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் பூசியிருந்தாள். மிரண்டோடி முள்ளுக்கம்பியில் மாட்டிக்கொண்டதாம். கேட்ட பிறகுதான் சொன்னாள். கில்பட் போய் அதன் அருகே குந்தினான். அது சூடான மூச்சை அவன் முழங்கையில் விட்டது. அவன் கண்கள் நிறைந்துவிட்டன. அவள் அதைக் காணாதவள்போல் மிளகாய்ப் பாத்திக்குத் திரும்பினாள்.

“இப்ப பறக்க விடுறதில்லையாமே. சுஹைர் சொன்னாரு.”

“விசாரணை முடியட்டும். அண்ணன்ட போட்ல கடலுக்குப் போறன் இப்ப.”

“பழிய மாட்டுல போட்டிருந்தா முடிஞ்சிரிக்குமே தம்பி.”

அவன் எழுந்து மோட்டார் சைக்கிளைத் திருப்பினான். அவன் மறுத்தும் கேளாமல் அவள் பூசணிக் கொடியிலிருந்து ஒரு பெரிய வட்டக்காயை அறுத்து, உரச் சாக்கில் போட்டு, பெட்ரோல் தாங்கியின் மேல் கயிற்றால் கட்டிவிட்டாள். “புள்ளையளுக்குக் கறியாக்கிக் குடுங்க.”

வீடு திரும்பும் வழியில், மாம்புரிக்குப் பக்கத்தில் பாதை குண்டும் குழியுமாக இருந்தது. ஒவ்வொரு குழியிலும் வட்டக்காய் ஒரு பக்கமாகச் சரிந்தது. கில்பட் வேகத்தைக் குறைத்தான். பின்னால் வந்த லொறிக்கு வழிவிட்டு ஓரத்தில் ஒதுங்கினான். பிறகு ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சாக்கை வயிற்றோடு சேர்த்து அணைத்தபடி, கடற்காற்றுக்குள் மெதுவாக ஓட்டிப் போனான்.