இரண்டாவது பிரேக்

அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் அவள் 'டிரைவிங் டீச்சர்'. பயிற்சி வண்டியில் மாணவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கில் பாதத்தை வைத்தபடியே ஊர்ப்பட்ட பேருக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள். ஸ்டியரிங்கைப் பிடித்ததும் புலிகள் பூனைகளாவதையும், வாயே திறக்காத பெண்கள் ஹாரனை அலறவிடுவதையும் பார்த்துப் பார்த்துத்தான் மனசு என்கிற சங்கதியைப் படிக்கும் ஆசை அவளுக்கு வந்தது. தொலைநிலைக் கல்வியில் பயன்பாட்டு உளவியல் பட்டப்படிப்பில் சேர்ந்தாள். ஒருவர் இறங்கி அடுத்தவர் ஏறும் இடைவெளியில், காரை நிழலில் நிறுத்திக் கைபேசியில் பாடம் கேட்பாள்.

வீட்டில் கேலிக்குப் பஞ்சமில்லை.

"குழம்புல உப்பு கம்மி" என்றார் கணவர் ஒருநாள்.

"ஏன் உங்களுக்கு அப்படித் தோணுது?"

"தோணலம்மா. உப்பு கம்மி!"

"பாத்துப் பேசுங்கப்பா. எல்லாம் அசைன்மென்ட்ல வந்துடும்" என்றாள் மகள்.

கடைசி வருடத்தில் செய்முறைத் தாள் வந்தது. சின்னதாக ஒரு பயம் உள்ள ஒருவரை, அவர் சம்மதத்தோடு, படிப்படியாக அந்தப் பயத்தை நேர்கொள்ள வைக்க வேண்டும். வழிகாட்டும் பேராசிரியர் தொலைவிலிருந்தே கவனிப்பார். சொந்தக்காரர்கள் கூடாது. யாரைப் பிடிப்பது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்கு எதிரே கடை வைத்திருக்கும் பேக்கரிக்காரர் தானாகவே வந்து நின்றார்.

"உங்க பொண்ணு சொல்லுச்சு மேடம். எனக்கு ஆத்துப் பாலம்னாலே கை வேர்த்துடும். ஒரு நாள் காத்துல வண்டி லேசா ஆடுச்சு, அவ்வளவுதான். அன்னையிலேர்ந்து ஊரையே சுத்திக்கிட்டுத்தான் ரொட்டி கொண்டுபோறேன்."

பார்க்க மலை மாதிரி இருப்பார். சொல்லும்போது குரல் மட்டும் இறங்கிவிட்டது.

பேராசிரியர் தொலைபேசியில் சம்மதம் சொன்னார். "அவர் வேகத்துக்குப் போங்க. பயம் வந்தா உடனே தப்பிக்க விடாதீங்க. கொஞ்ச நேரம் அதோடயே இருந்தா தானா இறங்கும்னு அவருக்கே தெரியட்டும்."

முதலில் கரையில் நின்று பாலத்தைப் பார்த்தார்கள். பிறகு நடந்தே கடந்தார்கள். அப்புறம் பயிற்சி வண்டியில் அவள் ஓட்ட, அவர் உடன் வந்தார். எல்லாம் வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல நடந்தது. கடைசியில் அவரே ஓட்டினார். பாதிப் பாலத்தில் ஒரு லாரி பக்கத்தில் உரசுவதுபோல வந்தது. அவர் தோள்கள் விறைத்தன. அடுத்த நொடி வண்டி குலுங்கி நின்றது. பிரேக்கை அழுத்தியது அவர் அல்ல, அவள். பின்னால் ஹாரன்கள் கத்தின. மிச்சப் பாலத்தை அவர் ஊர்ந்துதான் கடந்தார்.

"வேணாம் மேடம். நீங்களே பயந்து பிரேக் போடறீங்கன்னா, நான் பயப்படறது நியாயம்தான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்று மாலை பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னாள்.

"வண்டி அங்க நிக்க வேண்டிய அவசியம் இருந்துச்சா?"

"இல்ல சார். அவர் சரியாத்தான் ஓட்டினார்."

"அப்ப யாருக்காகப் பிரேக்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்காகத்தான் சார்."

மறுநாள் காலையில் நேரே பேக்கரிக்குப் போனாள். "நேத்துப் பயந்தது நீங்க இல்ல, என் காலு. உங்களுக்கு இஷ்டம்னா மட்டும் இன்னொரு தடவை போலாம். உங்க வேன்லயே. அதுல எனக்கு பிரேக்கே கிடையாது."

மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே அவர் யோசித்தார். "நீங்க சும்மா உக்காந்திருப்பீங்களா?"

"அதான் எனக்குப் பாடம்."

"அப்ப ரெண்டு பேருக்கும் பரீட்சைன்னு சொல்லுங்க!" என்று சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்கள். வேன் முழுக்கச் சூடான ரொட்டி மணம். பாலத்தில் ஏறியதும் அவர் நெற்றி வேர்த்தது. அவளுடைய வலது கால், அங்கே இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை அழுத்தியது. செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையில் சம்மணமிட்டுக்கொண்டாள்.

"என்ன மேடம், டிவி பாக்க உக்காந்த மாதிரி?"

"காலைக் கட்டிப் போட்டிருக்கேன். நீங்க ரோட்டைப் பாருங்க. எப்படி இருக்கு?"

"நெஞ்சு படபடங்குது. ஆனா... கை சொன்னதைக் கேக்குது."

ஒரு லாரி கடந்து போனது. வேன் லேசாக ஆடியது. அவள் மூச்சுவிடவில்லை; அசையவும் இல்லை. அவர் வேகத்தைக் குறைக்காமல் நேராகப் போனார். அக்கரையில் நிறுத்தி இறங்கி, வந்த பாலத்தை இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். "இவ்வளவுதானா?" என்றார். பிறகு யாரும் சொல்லாமலே வண்டியைத் திருப்பினார். அன்று காலை அந்தப் பாலத்துக்கே அலுத்துப்போகும் அளவுக்குப் போய்ப் போய் வந்தார்கள்.

அறிக்கையில் பேக்கரிக்காரரின் பயத்தோடு தன் கால் செய்த வேலையையும் மறைக்காமல் எழுதினாள். முதல் வகுப்பு கிடைத்தது. "உங்களையும் சேர்த்துக் கவனிச்சீங்களே, அதுக்குத்தான் மார்க்" என்றார் பேராசிரியர்.

செய்தி தெருவில் பரவியது. தையல்கடை அக்கா தேடி வந்தாள். "என் தம்பி ரூமை விட்டே வெளிய வர மாட்டேங்கறான். நீ வந்து பேசேன்."

"அதுக்கு இந்தப் படிப்பு பத்தாதுக்கா. இதுல தேர்ந்தவங்க இருக்காங்க, நம்பர் தரேன், இன்னைக்கே பேசுங்க. நான் மேல படிக்க விண்ணப்பம் போட்டுட்டேன். அதை முடிச்சப்புறம் இப்படிக் கேட்டீங்கன்னா, கதவைத் தட்டிக்கிட்டு நானே வருவேன்."

எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு, காத்திருந்த புது மாணவியைப் பார்த்துக் காரின் கதவைத் திறந்தாள்.